ஆனி மாதத்தில் பனிக்கால டயர்

இஞ்சாருங்கோ,

இன்றைக்குக் காலையில் கராஜுக்குள் காரை விட்டு இறங்கியதும் புது டயர் மணம் மூக்கில் அடித்தது. உங்களுக்குப் பிடித்த மணம். நான் கத்தரிக்காய் பொரிக்கும்போதுகூட நீங்கள் அப்படி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்ததில்லை. வெளியே நல்ல மழை. மொன்ட்ரியால்-நோரில் நீங்கள் வழக்கமாகப் போகும் அதே கராஜ்தான். அதை நடத்துகிற மன்னார்க்காரத் தம்பி குனிந்து சில்லுகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, ஆனி பிறந்திட்டுது. இன்னும் பனிக்கால டயரோடையோ ஓடித் திரியிறியள்?"

"அண்ணையிட்டை இருந்து எனக்குத் தொத்தின வருத்தம் தம்பி," என்றேன், உங்களைத்தான் சொல்லி.

உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், இது பஞ்சியோ சோம்பலோ இல்லை. போன ஐப்பசியில் நீங்கள் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்த்துப் பூட்டுவித்த டயர்கள் இவை. அதற்குப் பிறகு மூன்று கிழமைதான் இருந்தீர்கள். கழற்ற மனம் வரவில்லை. பங்குனியிலிருந்து நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, இன்றைக்குத்தான் வந்தேன்.

காத்திருந்த நேரம் முழுக்க ஆற்று நடுவிலுள்ள தீவில் நாங்கள் பார்த்த அந்தக் கார்ப் பந்தயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருடமாகிவிட்டது. வருடா வருடம் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்து கத்துகிற உங்களுக்கு, வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவர் தான் போக முடியாமல் இரண்டு நுழைவுச் சீட்டைத் தந்துவிட்டார். புரோசார்ட் வீட்டிலிருந்து லோங்கேய் வரை காரில் போய், அங்கே நிறுத்திவிட்டு மெத்ரோ ரயில் எடுத்தோம். வழி முழுக்க எங்களுக்குள் கொழுவல். எனக்கு லைசன்ஸ் கிடைத்து ஒரு வருடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், கடைகளுக்கு முன்னால் உள்ள வெறும் கார்த் தரிப்பிடத்தில், வெயில் எறித்தால் மட்டுமே வட்டம் சுற்ற விடுவீர்கள். ஒரு துளி விழுந்தால் போதும், கார்த் திறப்பு உங்கள் சட்டைப் பைக்குள் போய்விடும்.

"மழைக்கை உமக்குச் சரிவராது," என்பீர்கள். பெரிய நீதவான் தீர்ப்புச் சொன்ன மாதிரி.

பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. எல்லாக் கார்களும் ஓடிவந்து டயர் மாற்றின. நீங்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தீர்கள். "வெயில் டயர் மொட்டை. தண்ணியிலை வழுக்கும். மழை டயரிலை வாய்க்கால் வெட்டியிருக்கும், தண்ணியை வாரி வெளியிலை எறியும். ஆனால் ரோட்டுக் காய்ஞ்சாப்பிறகும் அதிலை ஓடினால் சூடேறிக் கரைஞ்சுபோம். எப்ப மாத்திறது எண்டதிலைதான் எல்லாம் கிடக்கு."

"அப்ப எனக்கும் உங்களுக்கும் ஒரு பந்தயம். உங்கட நீலக் கார் முந்தினால் நான் இனித் திறப்புக் கேக்கமாட்டன். அந்தப் பச்சைக் கார் முந்தினால், வீட்டை நான்தான் ஓட்டுவன். மழையெண்டாலும் ஓட்டுவன்."

பச்சை அப்போது கடைசிக்கு முதல் இடத்தில் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் வடை புரைக்கேறச் சிரித்து, "ஓம், சரி," என்றீர்கள். உங்களுக்கென்ன தெரியும்? இருபது வருடமாகப் பல்கனிக் கொடியில் உடுப்புக் காயப்போட்டவளுக்கு இந்த ஊர் மழையின் குணம் தெரியும். ஆற்றுப் பக்கம் வெளுத்தபோதே, இது நிற்கப்போகிறது என்று கண்டுகொண்டேன். கார்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு எழும்பிய தண்ணீர்ப் புகை, மெல்ல மெல்ல முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

"இப்ப மொட்டை டயர் போடவேணும்," என்றேன்.

"உமக்கு விசரே? ரோட்டு இன்னும் மினுங்குது!"

நான் சொல்லி வாய் மூடவில்லை, பச்சை உள்ளே வந்து மொட்டை டயர் போட்டுக்கொண்டு போனது. முதல் வளைவிலேயே புல்லுக்குள் ஒரு சில்லு இறங்கியது. எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்த சுற்றில் நிமிர்ந்தது. அதற்கடுத்த சுற்றில் ஒவ்வொன்றாக முந்தத் தொடங்கியது. உங்கள் நீலமோ மழை டயரிலேயே வீம்புக்கு ஓடி, டயர் நனைந்த அப்பளம் மாதிரி ஆகி, பிறகு மாற்றி என்ன பயன்? பச்சை நாலாவது, நீலம் ஒன்பதாவது. நான் குந்தியிருந்த வாங்கின் மேல் ஏறி நின்று கத்தியதில் மழைக்கோட்டே கிழிந்துபோனது.

லோங்கேயில் இறங்கியபோது திரும்பவும் மழை. ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் போனவள் முன் சில்லைப் பார்த்தேன். அதில் பனிப்பூ அடையாளம்.

"இஞ்சாருங்கோ, இதென்ன? ஆனி மாசத்திலை பனி டயர்! அவங்கள் நான் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிறதுக்கிடையிலை நாலு சில்லும் மாத்திறாங்கள். நீங்கள் மூண்டு மாசமா மாத்தேல்லை. எனக்கு மூண்டு மணித்தியாலம் டயர்ப் பாடம் வேறை!"

"அது... நாளைக்கு எண்டு இருந்தனான்."

அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்? இரண்டு பேரும் காரில் சாய்ந்து, தொப்பலாக நனைந்து, வயிறு நோகச் சிரித்தோம். பிறகு திறப்பைத் தந்தீர்கள். வீடு வரைக்கும் மேலே உள்ள கைபிடியைத் தொங்கிப் பிடித்தபடி, வலது காலால் தரையை உழக்கிக்கொண்டே வந்தீர்கள். "மெதுவா! பிறேக்! பிறேக்கைப் பிடியும்!"

"உங்கட பக்கத்திலை பிறேக் இல்லையப்பா."

இரண்டு வருடத்தில் சீனி வருத்தம் உங்கள் கண்ணைக் கெடுத்தது. இனி வாகனம் ஓட்டக் கூடாது என்று டொக்டர் சொன்ன அன்று, நீங்களே திறப்பை என் கைப்பைக்குள் போட்டீர்கள். ஆனாலும் நாங்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. மழையோ பனியோ, கோயிலுக்குப் போனோம். கோடையில் இல்-பிசார் தீவுக் கரைக்குப் படகு பார்க்கப் போனோம். அந்தப் பச்சைக் காரை நான் இன்றைக்கும் மனதாரக் கும்பிடுகிறேன். போன இடமெல்லாம் உங்கள் கால் மட்டும் உழக்குவதை நிறுத்தவேயில்லை.

தம்பி வேலையை முடித்து, பனி டயர் நாலையும் வரும் கார்த்திகைக்கென்று கராஜின் பின்பக்கம் அடுக்கினார். பிறகு பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து காட்டினார்.

"அக்கா, இந்தக் கால்விரிப்பிலை ஓட்டை விழுந்திட்டுது. புதுசு ஒண்டு போட்டுவிடட்டோ?"

குனிந்து பார்த்தேன். வலது பாதம் ஊன்றும் இடத்தில், உள்ளங்கை அளவில் தேய்ந்து, அடித்தரை தெரிந்தது.

"வேண்டாம் தம்பி. அது அண்ணையின்ரை பிறேக். கிடக்கட்டும்."

மழைக்குள் காரை இறக்கினேன். முதல் சிவப்பு விளக்கில் நான் பிறேக்கை மிதித்தேன். எனக்கு முதலே நீங்கள் மிதித்திருப்பீர்கள்.