செத்த இறாலை வைத்துத் தேர்ந்தெடுத்த லென்ஸ்

என் அருமை முக்குளிப்பானே,

கொட்டாஞ்சேனையில் உங்களை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் நான் ஒருத்திதான். மற்ற ஆட்களுக்கு நீங்கள் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் இறங்கி வேலை பார்த்த சுழியோடி. இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

முதலில் நல்ல செய்தி. உங்கள் சின்னக் கமரா இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. போன மாதம் அது கையை விட்டுப் போகப் பார்த்தது.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போன பிறகு, நம் மகள் செரின்தான் அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறாள். ஞாயிறு பூசை முடிய, உங்கள் கூட்டாளி அன்ரனோடு கல்கிசைக்குப் போய் இறங்குகிறாள். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட அந்தக் குட்டிச் சீவன்கள், நகத்தளவு இறால், அரிசியளவு நண்டு, அவளுக்கும் வெறும் புள்ளியாகத்தான் விழுந்தன.

"இந்தக் கமரா தனிய இவ்வளவுதான் அம்மா. முன்னால பூட்டுற லென்ஸ் ஒண்டு வேணும். அதுவும் சரிவரேல்லை எண்டா கமராவை அன்ரன் மாமாட்டயே குடுத்திடுவன். அப்பா எடுக்க நினைச்சதை எடுக்காமல் ஒவ்வொரு கிழமையும் திரும்பி வர எனக்கு ஏலாது" என்றாள்.

அந்தக் கமரா போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லை.

அன்ரன் இரண்டு லென்ஸ் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டும் கமராவின் தண்ணீர் புகாத கூட்டுக்கு வெளியே திருகிப் பூட்டுவது. கடலுக்குள்ளேயே பூட்டலாம், கழற்றலாம். ஒன்று தடிப்பு, மிகப் பெரிதாகக் காட்டும். மற்றது மெல்லிசு, அவ்வளவு பெரிதாக்காது.

"அக்கா, ஒண்டை எடுங்கோ. மற்றது எனக்கு."

"நான் என்னத்தைக் கண்டன் தம்பி?"

"அண்ணை எடுத்த படம் எல்லாத்தையும் ரீவியில பாத்து நல்லது கெட்டது சொன்னது ஆர்? நீங்கள்தானே."

அது உண்மைதான். கடைசிக் காலத்தில் கிட்ட இருப்பது கண்ணுக்கு மங்கி, கமராவின் சின்னத் திரை உங்களுக்குத் தெரியவில்லை. "நீர் சொல்லும், மீன்ர கண் தெளிவோ?" என்று ஒவ்வொரு மீனுக்கும் என்னைக் கேட்பீர்கள். இல்லை என்றால் மறுபேச்சில்லாமல் அந்தப் படத்தை அழிப்பீர்கள். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு வேறு யார் கொடுத்தார்கள்?

இப்போது நான் செய்த வேலையைக் கேளுங்கள். சந்தைக்குப் போய் இறால் வாங்கிவந்தேன். கறிக்கு எடுத்தது போக ஒன்றை, உடுப்பு ஊறவைக்கிற பேசினில் தண்ணீர் நிரப்பிப் போட்டேன். செரின் கூட்டையும் லென்ஸையும் அமிழ்த்தி, இடையில் நின்ற காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றினாள். மெல்லிசில் இறால் இறாலாகத் தெரிந்தது. தடிப்பு லென்ஸை அதன் மூக்குக்கு முட்ட வைத்தபோது மீசையில் இருந்த மயிர்கூடத் தனித்தனியாக நின்றது. "இதுதான்" என்றுவிட்டேன். அன்ரன் தலையைச் சொறிந்தார்.

அடுத்த ஞாயிறு படங்களை ரீவியில் போட்டோம். மணல். பிறகும் மணல். ஒரு பொந்து, அதற்குள் இருட்டு.

"எங்க பிள்ளை இறால்?"

"ஓடிப்போட்டுது."

"எங்க ஓடிப்போட்டுது?"

"அம்மா, இந்த லென்ஸ் ரெண்டு விரல்கடைக்குக் கிட்டப் போனாத்தான் தெளிவாக் காட்டும். அவ்வளவு கிட்டப் போனா லைற் வெளிச்சமும் விழாது, சீவனும் நிக்காது. நீங்கள் பேசினுக்க பாத்தது செத்த இறால். அதுக்கென்ன, மூக்கில முட்டினாலும் கிடக்கும்."

அவள் கோபமாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை அடக்கம் செய்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கொஞ்சம் பொறுத்து அவளும் சிரித்தாள். "அந்த ஒண்டையும் கறியிலயே போட்டிருக்கலாம்" என்றாள்.

சிரித்தபடியே கமராவைத் துடைத்துப் பையில் வைத்தாள். அன்ரனுக்குக் கொடுக்கத்தான் என்று விளங்கியது. பொறு என்று சொல்லி, உங்கள் பழைய படங்களைப் போடச் சொன்னேன். நன்றாக வந்ததெல்லாம் நீங்கள் எட்ட நின்று எடுத்தவை. அந்த மீன்கள் உங்களைக் கணக்கெடுக்காமல் தங்கள் பாட்டில் மேய்ந்துகொண்டிருந்தன.

"மற்ற லென்ஸைக் கேட்டு வாங்கு. ஒருக்கா மட்டும் போய் வா" என்றேன்.

அன்ரன் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். "எனக்குத் தெரியும் அக்கா. ஆனா நீங்கள் அந்த மீசையைப் பாத்துச் சந்தோசப்பட்டதைக் கெடுக்க மனம் வரேல்லை."

மெல்லிசு லென்ஸ் என்றால் ஒரு சாண் தள்ளி நிற்கலாமாம். கமராவின் சூமை முழுக்க இழுத்துவிட்டு, அசையாமல் காத்திருக்க வேண்டுமாம். போன ஞாயிறு வந்தது ஒரு இறால். கண்ணாடி போல உடம்பு, வயிற்றுக்கு அடியில் பச்சை முட்டைகள். திரை நிறைய இல்லை, கால்வாசிதான். ஆனால் உயிரோடு, முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எந்த நேரம் பார்த்தாலும் இப்போது ஓடிவிடும் போல இருக்கிறது. செரின் என் முகத்தையே பார்த்தாள். தெளிவு என்றேன். கமரா அலுமாரிக்குள் உங்கள் தட்டிலேயே ஏறியது.

உங்களுக்கு நன்றி சொல்லாமல் விட்டது நிறைய. நீந்தத் தெரியாத என்னை நீங்கள் ஒருநாளும் கரையில் விட்டுவிட்டுப் போகவில்லை. கடலை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். இப்போது அதே வேலையைச் செய்ய ஒரு பிள்ளையையும் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளை புதுக்கதை ஒன்று கதைக்கிறாள். "ரீவியில பாத்தது காணும் அம்மா, இனி நேர பாருங்கோ. கரையோரம் இடுப்பளவு தண்ணிதான். அப்பான்ர மாஸ்க்கைப் போட்டு முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள வையுங்கோ. நான் கையைப் பிடிச்சிருப்பன்."

விசரோ உனக்கு என்றுதான் முதலில் கேட்டேன். இப்போது உங்களுக்கு வாக்குத் தருகிறேன். கடல் அடங்கியிருக்கிற ஒரு ஞாயிறு நானும் கல்கிசைக்குப் போய் முகத்தை வைப்பேன். இத்தனை வருசம் கூட இருந்தும் ஒன்றை உங்களிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். முதல் தரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபோது, நீங்களும் பயந்தீர்களா?

உங்கள் வீட்டுக்காரி,
செரினின் அம்மா