இடைவேளையோடு எழுந்து போனவர்

காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தேன். எண்ணெய் ஊறிய காகிதத்தில் சினிமா விமர்சனம். அதே பத்திரிகை, அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். யாரோ புதுப்பையன் எடுத்த படத்தைத் தலையிலிருந்து கால் வரை திட்டித் தீர்த்திருந்தார்கள். நல்லதாக ஒரு வார்த்தை இல்லை. சேவைத் தட்டில் கொட்டிவிட்டுக் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். எறிந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. நீ கண்ணை மூடி, வருகிற பங்குனியோடு ஒரு வருஷம். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இனி எங்கே சொல்வது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மெட்ராசில் ஆறு வருஷம் யார் யாருக்கோ எடுபிடி வேலை பார்த்து, கடைசியில் ஒரே ஒரு படத்துக்கு வசனம் எழுதினாய். அருப்புக்கோட்டையில் வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று என் சைக்கிள் கடைக்கு இன்லண்டு லெட்டர் போட்டாய். “மாப்ளே, ஆத்தா திருச்சுழி ஆபீஸ்ல பேசுனத அப்படியே வச்சிருக்கேன். அவளக் கூட்டிட்டுப் போய்க் காமி. அவ பேச்சு அவ காதுல விழணும்.” மழை பொய்த்த வருஷம் நிலத்தீர்வை கட்ட வழியில்லாமல், சிறுபிள்ளையான உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு உன் ஆத்தா, என் அத்தை, அந்த ஆபீசுக்குப் போனது ஊருக்கே தெரியும். அதிகாரி வாயடைத்துப் போனார் என்பார்கள். அத்தை என்ன கேட்டார் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வெள்ளிக்கிழமையே பார்த்திருக்கலாம். அத்தையோடு சேர்ந்து பார்ப்போம் என்று ஞாயிறு மதியக் காட்சிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஞாயிறு காலையில் பேப்பர் வந்தது. டியூபுக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவன் அதை எடுத்து எல்லோருக்கும் கேட்கப் படித்தான். வறண்ட காட்டைக் காட்டினால் மட்டும் படம் ஆகிவிடாதாம். பாத்திரங்கள் பேசுவது தமிழா என்றே சந்தேகமாம். தாயாக வருபவர் படம் முழுக்க வாய் திறக்காமல் மரம் போல் நிற்கிறாராம். அதே பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனிப் படத்துக்குக் குளிரக் குளிரப் பாராட்டு. பக்கத்தைத் திருப்பினால் அந்தப் படத்துக்கு முழுப்பக்க விளம்பரம். “ஏலே, ஒன் கூட்டாளி படம் கிழிஞ்சு தொங்குதே” என்று அவன் சிரித்தான். எனக்குக் கூசிப்போனது. அந்தப் பத்திரிகைக்காரன் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை, உன்னால் வெட்கம்தான் வந்தது.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தார். கொட்டகையில் நாலு பேர் சிரித்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்து, “டிக்கெட்டு கெடைக்கல அத்தே. கூட்டம் தாங்கல. அடுத்த வாரம் போவோம்” என்று சொன்னேன்.

“அம்புட்டுக் கூட்டமா எம்புள்ளை படத்துக்கு?” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. காப்பி வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டேன். ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருக்கிறார், டிக்கெட் கிடைக்கவில்லை என்று. செவ்வாய்க்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அதன் பிறகு உனக்கு அங்கே யாரும் வேலை தரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தாய். அத்தையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாய்.

“ஆத்தாளுக்கு டிக்கெட்டு கெடைக்கலையாம்ல. நீயாவது பாத்தியா மாப்ளே?”

“பாக்காம இருப்பனா.”

“எப்படி இருந்துச்சு?”

படம் பார்த்தவன் ஏதாவது குறை சொன்னால்தானே நம்புவார்கள் என்று என் கோணல் புத்திக்குத் தோன்றியது. “நல்லாத்தான் இருந்துச்சு. அம்மாவா வாரவுகதான் கடைசி வரைக்கும் வாயே தெறக்கல. ரெண்டு வார்த்தை பேச விட்டுருக்கலாம்” என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். திட்டியிருந்தால் தேவலை. “இடைவேளை வரைக்கும் அவுக பேசமாட்டாக மாப்ளே. இடைவேளைக்குப் பெறகு அவுக மட்டுந்தான் பேசுவாக. அதுக்குத்தான் அம்புட்டு நேரம் வாயக் கட்டி வச்சேன்” என்றாய். மெல்லத்தான் சொன்னாய். “அந்தப் பேப்பர்க்காரன் பாதியில எந்திரிச்சுப் போயிட்டான். நீ கொட்டகைக்கே போகல.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சுழி பஸ்ஸைப் பார்த்து நடந்தாய்.

அந்தப் பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதினேன். பாதிப் படம் பார்த்து முழுத் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று கேட்டேன். ஒன்றும் அச்சில் வரவில்லை. எல்லாவற்றின் கீழும் ‘படம் பார்த்த ரசிகன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அவனாவது பாதி பார்த்தான்.

திருச்சுழி ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தாய். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வந்தவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, சர்க்கார் தமிழில் மாற்றி எழுதிக்கொண்டிருப்பாய். “வாப்பா” என்பாய். மாப்ளே என்று அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. அத்தையிடம் ஒருமுறை துணிந்து கேட்டேன், அன்றைக்கு ஆபீசில் என்ன சொன்னீர்கள் என்று. “வயித்தெரிச்சல்ல என்னமோ கேட்டேன். நீதான் படத்துல கேட்டுருப்பியே, நல்லா வந்துருக்கா?” என்றார். நல்லா வந்திருக்கு என்று தலையாட்டினேன். அதே வருஷம் அவர் தவறிவிட்டார்.

படச்சுருள் இப்போது எங்கேயும் இல்லை என்கிறார்கள். அத்தையும் இல்லை, நீயும் இல்லை. அந்த ஆபீசில் என்ன பேசினார் என்று கேட்க ஆள் இல்லை. அந்த விமர்சனம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்கு மனப்பாடம். பொய் என்று தெரிந்தும் என்ன செய்ய, நான் பார்க்காத உன் படத்தில் அத்தை இன்னும் வாய் திறக்காமல்தான் நிற்கிறார்.