மூன்றாவது கூவல்

1944 பிப்ரவரி 10

வேம்பு இன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 12

இரண்டே கால் வயது ஆகிறது. "அம்மா" கூட இல்லை. எது வேண்டுமானாலும் விரலை நீட்டுகிறாள். கிடைக்காவிட்டால் என் மூக்கைப் பிடித்துத் திருகுகிறாள். காது கேட்கிறதா என்று பார்க்க, இன்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தைக் கீழே போட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சத்திரத்துச் சமையல்காரர் செல்லமுத்துதான் பதறிப்போய்க் கரண்டியைக் குழம்புக்குள் விட்டுவிட்டார். காது நன்றாகத்தான் இருக்கிறது. பின்னே என்ன?

சத்திரத்தில் வந்து தங்குகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். அரும்பாவூரிலிருந்து மல்லி மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் பாவாடை, "கோயில் மணி கழுவின தண்ணியக் குடுங்கம்மா, கணீர்னு பேசும்" என்றார். பக்கத்தில் கோயில் இல்லையே என்றேன். தன் மாட்டின் கழுத்து மணியையே கழற்றிக் கழுவித் தந்துவிட்டார். குழந்தைக்குக் கொடுக்கவில்லை. நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இது யாருக்கும் தெரியக் கூடாது.

பிப்ரவரி 16

யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகின்றன. ஓடுகின்றன என்பது மரியாதைக்குச் சொல்வது. இன்று ஒன்று நம் வாசலில் இருமி நின்றுவிட்டது. அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அரிசிக்கு எங்கே போவது? கேழ்வரகு அடைதான்.

இவருடைய கொள்ளுத்தாத்தா இந்தப் பெரம்பலூர் – அரியலூர் சாலையில் சத்திரம் கட்டியபோது வைத்த விதிகள் இரண்டே. பொழுது சாய்ந்ததும் சாலையைப் பார்த்து மூன்று தரம், "பசிச்சவங்க உண்டா?" என்று கூவாமல் கதவைச் சாத்தக் கூடாது. கூவலுக்கு வந்தவர் வயிறு கொள்ளுமட்டும் சாப்பிடலாம். ஆனால் சாப்பிட்டவர் போகும்போது இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது. கூவுவதும், வாசலில் நின்று சோதிப்பதும் காவல்காரர் பூமாலையின் வேலை. இரண்டிலும் மனுஷர் மகா கண்டிப்பு.

இன்று ஒரு பிரயாணியின் குடை கொஞ்சம் பருமனாகத் தெரிந்தது. பூமாலை வாங்கி விரித்தார். அடை அடையாகக் கொட்டியது.

"வழியில காக்கா கேட்டா என்னங்க பண்றது?" என்றார் அந்தப் பிரயாணி.

பூமாலையின் தோளில் உட்கார்ந்திருந்த வேம்பு விழுந்து விழுந்து சிரித்தாள். தினமும் கூவல் நேரத்தில் அதுதான் அவள் இடம். சிரிப்பு மட்டும் ஊருக்கே கேட்கிறது.

பிப்ரவரி 20

இடி விழுந்தது. உடையார்பாளையத்திலிருந்து அண்ணி, அதாவது இவருடைய அக்கா பொன்னம்மாள், ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாசிக் கடைசியில் வருவாராம். வேம்புவைக் கூட்டிப் போய் ஒரு வருஷம் தன்னிடம் வைத்துக்கொள்வாராம். "வர்றவன் போறவன் கூச்சல்ல புள்ளைக்கு வாயடைச்சுப் போச்சு. பி.ஏ. படிச்சா போதுமா, புள்ள வளக்கத் தெரிய வேணாமா?"

அண்ணிக்கு அவள் மேல் உயிர். அதுதான் பயமே.

"தர மாட்டோம்னு சொல்லுங்களேன்" என்றேன் இவரிடம்.

"அக்காகிட்டயா? நானா?" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. அக்காவுக்கு எதிரே இவர் கடைசியாகக் குரலெடுத்தது, பிறந்தபோது அழுத அழுகையாகத்தான் இருக்கும்.

ஒரு வருஷம். பக்கத்தில் அவள் இல்லாமல் நான் எப்படி — எழுத வரவில்லை.

பிப்ரவரி 22

"அம்மா சொல்லு. அம்... மா..." மூக்கைத் திருகினாள்.

மார்ச் 3

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பூமாலை நேற்று பச்சைப் புளியங்காயை மடியில் கட்டிவைத்துத் தின்றிருக்கிறார். இன்று தொண்டை சுத்தமாக அடைத்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் வாசலில் நின்று வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கூவாமல் கதவைச் சாத்த முடியாதே!

இவரை முன்னால் தள்ளினோம். சாலையிடம் ரகசியம் சொல்வதுபோல, "பசிச்சவங்க... உண்டா?" என்றார். வாசலில் படுத்திருந்த நாய்கூடக் கண் திறக்கவில்லை. ஆனாலும் கூவல் கூவல்தான், ஒன்று என்று பூமாலை விரலைக் காட்டினார்.

அடுத்தது நான். காலேஜில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவளாயிற்றே! வேம்புவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பசித்தோர் எவரேனும் உளரோ?" என்றேன், உரக்க. சாலையில் போன பாவாடை வண்டியை நிறுத்திவிட்டார்.

"நாடகமாம்மா? டிக்கெட்டு எம்புட்டு?"

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. மூன்றாவதற்கு வாயே வரவில்லை. அப்போதுதான், என் காதுக்குப் பக்கத்தில் —

"பதிச்சவங்க உண்டாஆஆஆ!"

அந்த இழுப்பு, அந்தக் கரகரப்பு, அப்படியே பூமாலை. பாவாடையின் மாடுகள் தாமாகவே சத்திரத்துக்குள் திரும்பின. பூமாலை அழுதுகொண்டே மூன்றாவது விரலைக் காட்டினார். இவர் கதவைச் சாத்த மறந்து நின்றார்.

பேசிட்டா. எம் பொண்ணு பேசிட்டா.

மார்ச் 5

நிறுத்த மாட்டேன் என்கிறாள். விடிந்தால் கூவல், குளிப்பாட்டினால் கூவல். கூவிவிட்டால் வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது. மத்தியானம் செந்துறைக்குப் போக வேண்டிய ஒரு கல்யாண கோஷ்டி உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டது. "பாப்பாவைக் கொஞ்ச நேரம் தூங்கவைங்கம்மா" என்று செல்லமுத்து கையெடுத்துக் கும்பிடுகிறார்.

"அம்மா" இன்னும் வரவில்லை. பரவாயில்லை. ஊரையே சாப்பிடக் கூப்பிடுகிறாள்; என்னையும் ஒருநாள் கூப்பிடுவாள்.

மார்ச் 11

அண்ணி வந்தார். வில்வண்டியிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் வேம்பு வாசலில் மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி மேல் ஏறி நின்று கூவிவிட்டாள்.

அண்ணி அசந்து நின்றார். பேச வாயெடுத்தவரைப் பூமாலை விடவில்லை. "கூவலுக்கு வந்தவங்க சாப்புட்டுத்தாங்க பேசணும்." அண்ணி சாப்பிட்டார். இன்னொரு அடை கேட்டும் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வேம்புவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இது பேச்சா? வண்டிக்காரக் கூச்சல்! ஒரு வருசம் எங்கிட்ட இருந்தாத்தான் புள்ள திருந்தும்."

வாசல்வரை போய்விட்டார்.

"அக்கா!"

யார் என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். இவர்தான். நாய் எழுந்து ஓடியது.

"அக்கா, நீ சாப்புட்டுட்ட! சாப்புட்டவங்க சத்திரத்துலேருந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது!"

அண்ணி தம்பியையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இவனுக்கும் இப்பதான் பேச்சு வந்துச்சா?" என்றார். வேம்புவை என் கையில் கொடுத்தார்.

வாசலில் பூமாலை வழிமறித்தார். "அந்த வெத்தலப் பெட்டியையும் கொஞ்சம் தொறந்து காட்டிடுங்கம்மா."

உள்ளே அரை அடை இருந்தது.

"காக்காவுக்குடா!" என்றார் அண்ணி.

மார்ச் 26

பகலில் எழுதுகிறேன். ராத்திரியில் இப்போதெல்லாம் படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.

வேம்பு கல்தொட்டி மேல் நிற்கிறாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று பேனாவை நிறுத்திக் காத்திருந்தேன்.

"அம்மா உண்டாஆஆஆ!"

உண்டுடி, உண்டு.

சாலையில் போன இரண்டு வண்டிகளும் திரும்பிவிட்டன. உலை வைக்கச் சொல்ல வேண்டும்.