இசக்கி வெளியே நின்ற வகுப்பு

செவ்வாய், இரவு.

இன்று கடைசி வகுப்பில் பெரும்பான்மையும் நீதியும் என்ற பாடம். புத்தகத்தைத் திறந்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதனால், வாரம் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றும் அந்த டிவி நிகழ்ச்சியை வகுப்பிலேயே நடத்தினேன். யார் வெளியே போகணும், கை தூக்குங்கள் என்றேன்.

முன்பெஞ்சு செல்வி எழுந்தாள். "இசக்கிதான் மேடம். யார்ட்டயும் பேச மாட்டா. அவள வச்சிக்கிட்டு ஷோ எப்படி ஓடும்?"

ஒரே சிரிப்பு. எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ்ஸில் வருகிற இசக்கி யாரையும் பார்க்கவில்லை. நானும் டிவியில் வருபவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "இசக்கி, கதவு உங்களுக்காகத் திறந்திருக்கிறது" என்றேன். கைதட்டினார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு பாடம். பலர் சேர்ந்து சொல்வதாலேயே எதுவும் நியாயமாகிவிடாது என்று விளக்கினேன். இவ்வளவு நன்றாக நான் பாடம் எடுத்ததே இல்லை. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது, கழுதைக்கு.

மணி அடித்து வெளியே வந்தால், வராந்தாவில் இசக்கி.

"ஏட்டி, இன்னுமா இங்கன நிக்க?"

"நீங்க உள்ள கூப்பிடவே இல்லியே மேடம்."

"விளையாட்டுதானட்டி அது. நீயா வரவேண்டியதுதான?" என்று அவளையே கடிந்துகொண்டேன்.

"அப்ப நாளைக்கு உள்ள வரலாமா மேடம்?"

வகுப்பைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.