மடிப்பில் உடையாத மஞ்சள் கோடு

இன்வர்னஸ், ஸ்காட்லாந்து

அண்ணா,

இல்லை, அப்பா உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கத்தரியை மேசையில் எறிந்துவிட்டு நீ டொராண்டோவுக்குப் போய் ஆறு வருடம். அன்றிலிருந்து உன் பெயரையே அவர் சொன்னதில்லை.

ஆனால் நேற்று தையல் மேசையில் நம் குடும்பத்துக்கே உரிய டார்ட்டன் கட்டத் துணியை எட்டு கஜம் விரித்தார். பாசிப் பச்சை, கருநீலம், நடுவே ஒற்றை மஞ்சள் கோடு. ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கில்ட்டுக்கு மடிக்கும்போது எவ்வளவு துணி உள்ளே மறைந்தாலும் வெளியே கட்டம் உடையக் கூடாது. அவர் ஊசி குத்தக் குத்த, மடிப்புக்கு மடிப்பு அந்தக் கோடு தன் இடத்தில் வந்து நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் மூச்சுவிட மறந்துபோகிறேன்.

"யாருக்குப்பா? ஃபெர்கஸ் எங்க கல்யாணத்துக்கு அவங்க வீட்டு டார்ட்டனைத்தானே கட்டுவாரு?"

"தொணதொணக்காதடி. அங்க தின்னு தின்னு எவ்வளவு பெருத்திருக்கானோ, அந்தத் தடியன்! இடுப்பளவு தெரியாம மீதிய எப்படி மடிக்கிறது?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கல்யாணம் ஜூன் பதினான்கு. துணி பாதி மடிப்போடு மேசையிலேயே கிடக்கிறது.

இந்தக் கடிதத்தோடு அப்பாவின் அளவு நாடாவையும் உறைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

உன் தங்கை