கதவோரத்து ‘வாரேன்’

இன்று காலை நம் அலுவலகக் கணினியில் உன் ‘வாரேன்’ மறுபடி எட்டிப் பார்த்தது. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பெண் திரையைக் காட்டி, “ஏனுங்க சார், இதுல ‘வாரேன்’னு ஒரு வரி கிடக்குதுங்க. அழிச்சுப் போடட்டுங்களா?” என்றாள். “அதுல மட்டும் கை வெச்சுப்போடாத அம்மணி!” என்று பதறினேன். பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

கட்டடம் எழும்பும் முன்பே அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று கணினியில் கணித்துச் சொல்லும் தொழிலை நாம் இருவரும் கோவையில் தொடங்கிய புதிது. பெருந்துறைப் பனியன் கம்பெனியின் அலுவலகம்தான் முதல் வேலை. ஆட்கள் குடியேறியதும் மீட்டர் நம் கணக்கைத் தாண்டி ஓடியது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். காரணம் சொல்லாவிட்டால் நம் கடையை மூட வேண்டியதுதான். நான் சுவரையும் கண்ணாடியையும் சோதித்துக்கொண்டிருக்க, நீ வரவேற்பறையில் காபி குடித்தபடி வேடிக்கை பார்த்தாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாய். நூல் வியாபாரி ஒருவர் எழுந்து, “அப்ப வாரேனுங்க” என்று கதவைத் திறந்தார். திறந்தவர் அங்கேயே நின்று மழை, மகள் கல்யாணம் என்று ஆரம்பித்தார். முதலாளியும் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஏசிக் குளிரெல்லாம் வெயிலுக்குப் போனது.

“வாரேன்னா ஆளு போயிருவாருன்னு கணக்குப் போட்டுட்டோம் மாப்ள. நம்மூர்ல அதுக்கப்புறந்தானப்பா பேச்சே!” என்றாய்.

அன்றே ஆட்களின் நடத்தைக் கணக்கில், கதவு திறந்தே நிற்கும் நேரத்தை ‘வாரேன்’ என்று ஒரு வரியாகச் சேர்த்தாய். கணக்கு மீட்டரோடு ஒட்டியது. முதலாளி குலுங்கிச் சிரித்து, “அதுக்காகப் பேசாம அனுப்ப முடியுங்களா?” என்றார். “பேசட்டுங்க, வாசலைத்தான் மாத்தோணும்” என்றாய். குளிர் வெளியே போகாதபடி வாசலில் இன்னொரு கதவு வைத்து, இடையில் நின்று பேச ஒரு சிறு அறை கட்டினோம். அதன் பிறகு வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று ‘வாரேன்’ என்றவன் நான்தான். கதவைத் திறந்துகொண்டு நின்றேன். நீ படுத்தபடியே பேச்சை வளர்த்தாய். “குளிரெல்லாம் போகுதுங்க, கதவைச் சாத்துங்க” என்று நர்ஸ் அதட்டினார். “அதெல்லாம் கணக்குல சேத்தாச்சுங்க சிஸ்டர்” என்றாய். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நாம் இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

உன்னை நினைத்தால் இன்றும் அந்தச் சிரிப்புதான் முந்திக்கொள்கிறது. யார் கிளம்பினாலும் கதவுவரை போய் நிற்கிறேன்.

சரி மாப்ள, வாரேன். இனிமேல்தானே பேச்சே.