கொறண்டியில் ஆளில்லை என்றவர்களுக்கு

வானம் பொய்யாதிருக்க; மடை உடையாதிருக்க; கைபேசிக்குள் இருக்கும் இந்நாட்டைத் தாங்குகிற கணினி எந்த ஊரில் இருக்கிறதோ, அது சூடேறிப் படுத்துவிடாதிருக்க.

ஆற்றுக்கு இப்பால் நெடுங்கரை நாடு முழுதும் ஆண்டருளுகிறவரும், பாலைக்கோட்டார் படையை மும்முறை அக்கரைக்கு விரட்டியவரும், குடிகள் வாக்கிட்டுக் கொடுத்த முடியைத் தவிர இந்த விளையாட்டில் வேறொரு சொத்தும் சேர்க்காதவருமான வெயிலுமுத்துப் பெருங்கோ, தம் கேள்வி மன்றத்தாருக்கும், அம்மன்றத்தை முன்னின்று நடத்தும் மகாமந்திரி நித்திலனாருக்கும் விடுக்கும் ஓலை. மன்றத்தார் களஞ்சியம் நிறைக. மந்திரியார் மாளிகைத் தோட்டத்தில் மயில் பெருகுக. வாழ்த்து இவ்வளவு போதும். இதற்குமேல் வாழ்த்தக் கோமானுக்கு இன்று மனம் வரவில்லை.

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கேட்கத் தெரிகிறதே ஒழிய, கேட்டுவிட்டு நிற்கத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் வழி கேட்கிறவன்கூட, சொல்லி முடிக்கும்வரை வண்டியை அணைத்துவிட்டு நிற்பான். நம் மன்றத்தில் அப்படியில்லை. கேட்டவன் பதிலைப் படிப்பதில்லை. பதிலைப் படித்தவன் கேள்வியைப் பார்த்ததில்லை. இரண்டையும் பார்க்காதவன் நடுவில் வந்து பல்லிளிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றை ஒட்டிவிட்டுப் போகிறான். அதற்கும் நாலு பேர் மூஞ்சி ஒட்டுகிறார்கள். இதற்குப் பெயர் குடியாட்சியாம்.

கோமான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதன்பின் படித்ததெல்லாம் மைல்கல்லும் சோதனைச்சாவடியும்தான். லாரி ஓட்டிய காலம் முடிந்து, முட்டி மடங்காமல் வீட்டில் கிடந்தபோது இந்நாட்டுக்குள் வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். எல்லைக்காவலுக்கு நின்றார், படைத்தலைவர் ஆனார், பழைய கோமான் கல்யாணமாகி விளையாட்டையே விட்டுப் போனபோது குடிகள் பிடித்திழுத்து இவரைச் சிங்காதனத்தில் உட்கார்த்தினார்கள். அன்று உட்கார்த்தியவர்கள்தான் இன்று கேள்வி கேட்கிறார்கள். கேட்கட்டும். அதற்குத்தான் மன்றம்.

ஓலையைப் பின்னாளில் படிக்கிறவர்களும் விளங்கிக்கொள்ளும்படி வழக்கத்தைச் சொல்லிவிடுவது முறை. ஒவ்வோர் அமாவாசையன்றும் அந்திப் பொழுதில் கோமான் மன்றத்தில் அமர வேண்டும். குடிகள் அன்று காலை முதலே கேள்விகளை எழுதிப் பலகையில் வைக்கலாம். யாருக்கு எந்தக் கேள்வி பிடிக்கிறதோ அதற்கு அவர் ஒரு விளக்கு ஏற்றலாம். விளக்கு மிகுந்த கேள்விக்கு முதலில் பதில். விளக்கில்லாக் கேள்விக்குப் பதிலே இல்லை. கோமானுக்கு விளக்கேற்றும் உரிமை கிடையாது. விளக்கும் வாக்கும் மன்றம் கூடியிருக்கும் அந்த அந்திப் பொழுதில் மட்டுமே செல்லும். விளையாட்டைச் செய்தவர்கள் போட்ட சட்டமல்ல இது. நாமாகக் கூடிப் பேசி, நமக்கு நாமே கட்டிக்கொண்ட வழக்கம்.

இந்த அமாவாசைக்கு வந்த கேள்விகளில், கூரை பற்றிக்கொள்ளும்போல விளக்கெரிந்த கேள்வி, பெயருக்குப் பின்னால் எழுபத்தேழு என்று எண் போட்டுக்கொண்ட மின்னல்வேலன் என்னும் வீரருடையது. “பெருசு, கிரீடம் வழுக்கிக் கீழ விழாம இருக்க உள்ள துண்டு கிண்டு வச்சிருக்கீங்களா?” என்பது அவர் நாட்டு நலன் கருதிக் கேட்ட கேள்வி. இதற்கு இத்தனை விளக்கு. கோமான் பதிலிறுத்தார்: துண்டு வைத்திருக்கிறார், மின்னல்வேலனார் போன மாதப் படையெடுப்பில் ஓடியபோது போட்டுவிட்டுப் போன துண்டு அது, வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதற்கும் சிரித்தார்கள். எதற்கும் சிரிப்பார்கள்.

இரண்டாவது, தானிய வியாபாரி செல்லக்கிளி அம்மை கேட்டது. கோபமாகக் கேட்டார், ஆனால் கேள்வி கேள்வியாக இருந்தது. “கீழ்க்கடல் யாவாரிங்க சரக்கோட வந்து கோட்ட வாசல்ல காத்துக் கெடந்தாங்களே, எதுக்கு ஐயா கதவச் சாத்துனீங்க? இப்ப அந்தச் சரக்கு பூரா பாலைக்கோட்டுச் சந்தைக்குப் போயிருச்சு. எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!” கோமான் மறைக்கவில்லை. வந்த வணிகர் அத்தனை பேரும் அன்று காலையில்தான் விளையாட்டில் சேர்ந்தவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே முகப்படம். ஒருவருக்கும் ஊர் பேர் இல்லை. தாள்கள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிற வண்டியில்தான் வேறு ஏதோ இருக்கும் என்பது சாவடியில் கற்ற பாடம். அவர்கள் மெய்யான வணிகர்கள்தாம் என்று பிறகு தெரிந்தது உண்மை. நாளை அப்படியே வந்தால் கோமான் மறுபடியும் சாத்துவார் என்பதும் உண்மை. செல்லக்கிளி அம்மை வைதுவிட்டுப் போனார். வைதது நியாயம். அவராவது பதிலை முழுதாகப் படித்துவிட்டு வைதார்.

மூன்றாவதுதான் காரியம். மகாமந்திரி நித்திலனார் தாமே எழுந்து கேட்டார். அவர் படித்தவர், நயமாகப் பேசத் தெரிந்தவர், பெரிய கட்டடத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்று கேள்வி. அவர் மொழிந்ததாவது: பாலைக்கோட்டு வேந்தர் சமாதானம் வேண்டுகிறார், தென்னெல்லையில் உள்ள கொறண்டி என்னும் சிற்றூரை விட்டுக்கொடுத்தால் மூன்றாண்டுக்குப் படையெடுப்பதில்லை என உடன்படிக்கை எழுதி அனுப்பியிருக்கிறார், அதில் முத்திரை வைக்கக் கோமான் மறுப்பது ஏன்? அந்த ஊரில்தான் ஆளே இல்லையே. எத்தனையோ அமாவாசையாகப் பார்க்கிறோம், மன்றம் கூடும் நேரத்தில் அங்கிருந்து ஒரு விளக்குகூட எரிந்ததில்லையே. ஆளில்லாத ஊருக்காக ஆளுள்ள ஊர்கள் வெந்து சாக வேண்டுமா என்றார்.

மன்றம் ஆரவாரித்தது. “குடுத்துத் தொலைங்க தாத்தா, சும்மா முள்ளுக்காடு!” என்றார் ஒருவர். “பெருசுக்குச் சண்டை இல்லேன்னா தூக்கம் வராது” என்றார் மின்னல்வேலனார்.

விளக்கெரியாத இடமெல்லாம் வெற்றிடம் என்று நினைக்கிற தப்பை நம்மைத் தவிர வேறு எந்த நாட்டாரும் செய்ய முடியாது. ஏனென்றால் இந்த விளக்கு வழக்கம் வேறு எந்த நாட்டிலும் இல்லை.

கோமான் கிழவர். விடிவதற்குமுன் விழிப்புத் தட்டிவிடும். எழுந்ததும் எல்லையைச் சுற்றிவருவது அவர் பழக்கம். மன்றத்தார் போர்வைக்குள் குறட்டை விடுகிற அந்த வேளையில் கொறண்டிக்குப் போய்ப் பார்த்திருந்தால் தெரியும், அங்கே ஆளிருக்கிறதா இல்லையா என்று. ஊருணிக்கரையில் பெண்கள் வரிசையாக மண்கூடை சுமந்துகொண்டிருப்பார்கள். மன்றம் கூடும் அந்தியில் அவர்கள் நூற்பாலையில் நூலோடு நிற்கிறார்கள். ஆலை வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பி, குளிக்கவும் துவைக்கவும் முறை வருவதற்குள் கிடைக்கிற இத்துணூண்டு நேரத்தில் நம் நாட்டுக்கு வருகிறார்கள். வந்து மண் சுமக்கிறார்கள். ஒருவர் ஒரு நாளில் இத்தனை கூடைதான் சுமக்கலாம் என்று விளையாட்டில் விதியிருக்கிறது. அந்த விதிக்குள் நின்று, முள்ளுக்காடாய்க் கிடந்த தரிசில் ஊருணி வெட்டி, கரைகட்டி, மருதமும் நாவலும் வைத்து ஊராக்கியிருக்கிறார்கள். முதல் முறை கோமான் அங்கே போனபோது, மாரிக்கனி என்கிற பெண் கூடையோடு வந்து, “யாரு, ராசாவா? ஒதுங்கி நில்லுங்க தாத்தா, மண்ணு மேல விழுந்துரும்” என்றாள். ராசா ஒதுங்கி நின்றார். வேறென்ன செய்ய?

இந்த விளையாட்டில் ஓர் ஊர் கைமாறினால் என்னாகும் என்பது மந்திரியாருக்குத் தெரியாததல்ல. நிலமும் நீரும் மரமும் புது நாட்டான் பேருக்குப் போகும். குடிகள் வெறுங்கையோடு, நேற்று வந்தவர்களைப்போல, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடைக்குக்கூட அவனிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அன்று காலையிலேயே மாரிக்கனி பலகையில் ஒரு கேள்வி வைத்திருந்தாள். “எங்க ஊரக் குடுக்கப்போறீங்களாமே. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நாங்க ராத்திரி வேலைக்குப் போறவங்க, சாயங்காலம் வர முடியாது. பதில எழுதிப் போடுங்க, காலையில பாத்துக்கிறோம்.” பலகையின் அடியில், ஒரு விளக்கும் இல்லாமல், கிரீடத்துக்குள் வைத்த துண்டைப் பற்றிய கேள்விக்கெல்லாம் கீழே அது கிடந்தது.

கோமான் அதை எடுத்தார். விளக்கில்லாக் கேள்வியைக் கோமான் எடுக்கலாகாது என்பது வழக்கம். எடுத்தார். கேட்கவில்லை தாயே, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று எல்லாரும் பார்க்கப் பதில் எழுதினார். எழுதிவிட்டு மன்றத்தாரைப் பார்த்துக் கேட்டார்: வாக்கெடுப்பை விடியற்காலைக்குத் தள்ளி வைப்போம், அந்த ஊர்க்காரர்களும் வந்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லட்டும், அவர்களே போகிறோம் என்றால் கோமான் வாயைத் திறக்கமாட்டார்.

மந்திரியார் முகம் வாடாமல் மறுமொழி உரைத்தார். வாக்கு அந்தியில் என்பது தொன்றுதொட்ட வழக்கம். ஓர் ஊருக்காக மாற்றினால் நாளை ஊருக்கொரு நேரம் கேட்பார்கள். மன்றத்துக்கு வருவது குடிகளின் கடமை, வராதவர் வாக்கு வராத வாக்கே. தவிரவும், கொறண்டிக் குடிகளை நன்றாக வைத்துக்கொள்வதாகப் பாலைக்கோட்டு வேந்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். தொன்றுதொட்டாம். வழக்கம் கட்டியபோது கோமானும் கூட இருந்தவர். அப்போது கொறண்டியே கிடையாது.

வாக்குக் கொடுத்திருக்கிறாராம். மும்முறை இரவோடிரவாக ஆற்றைக் கடந்து வந்தவர், வரமாட்டேன் என்று மும்முறையும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். ஊருணித் தண்ணீர் அவர் கைக்குப் போனபின் நம் தென்மடைக்குச் சொட்டுத் தண்ணீர் வருமா என்று கோமான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விளக்கில்லை அல்லவா!

வாக்கெடுத்தீர்கள். கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தீர்கள். மன்றம் முடிவு செய்ததைக் கோமான் தம் மறுமொழி ஓலையில் முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்பதும் வழக்கம். அந்த ஓலை இதுதான். முத்திரைக்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்துவந்தீர்கள் என்பது கோமானுக்குத் தெரியும்.

மன்றத்தின் சொல்லைக் காலால் மிதிக்கக் கோமான் விரும்பவில்லை. ஒருமுறை மிதித்துப் பழகிய கால் பிறகு நிற்காது. அப்புறம் அவருக்கும் பாலைக்கோட்டானுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் மண்கூடைக்கு ஒதுங்கி நின்ற ஆள், அந்த மண்ணையே எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டமாட்டார். கை வராது. ஆகவே முத்திரை மோதிரத்தைக் கழற்றி மன்றப் பலகையின்மேல் வைத்திருக்கிறார். எடுக்கிறவர் எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரியார் விரலுக்குச் சரியாகவே இருக்கும்.

முடி துறந்தவர் தமக்கென்று ஓர் ஊரைத் தேர்ந்து குடியேற வேண்டும் என்று விளையாட்டு கேட்கிறது. கோமான் தேர்ந்துவிட்டார். கொறண்டி.

மோதிரம் கழன்றது இனி வரும் கட்டளைக்குப் பிறகு என்று கொள்க. ஆதலால் இது கோமானின் கட்டளையாகவே செல்லும். உடன்படிக்கையில் முத்திரை வைக்கப்போகிற கை எவருடையதாயினும், அவர் ஒரு விடியற்காலை கொறண்டி ஊருணிக்கரைக்கு நேரில் வர வேண்டியது; மாரிக்கனி கூடையை இறக்கும்வரை காத்து நிற்க வேண்டியது; அவள் முகத்தைப் பார்த்து, “இங்கே ஆளில்லை” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதன்பின் முத்திரையை அழுத்த வேண்டியது. இக்கட்டளை ஆறு ஓடுமளவும் செல்வதாக.

வருவீர்கள் என்று கோமான் நம்பவில்லை. அலாரம் வைத்தாலும் எழுந்திருக்கிற ஆட்களா நீங்கள்! வந்தாலும் பார்த்துத் திருந்துவீர்கள் என்றும் நம்பவில்லை. ஒரு மஞ்சள் மூஞ்சியை ஒட்டிவிட்டுப் போவீர்கள். ஆனாலும் கிழவர் எப்படியும் விடியுமுன் எழுகிறவர். இனிமேல் அவருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை கூடை என்று கணக்குண்டு. கிளம்புகிறார்.

வெயிலுமுத்து, ஒற்றை விரலால் தானே தட்டி எழுதியது. முத்திரைக்குரிய இடம் கீழே வெறுமையாக விடப்பட்டது.